யாரும் ஒண்ணும் சொல்லல, ஆன்ட்டி

தேவ்நார் என்றால் ஊரில் ஒருவருக்கும் தெரிவதில்லை. "செம்பூர் பக்கத்துல" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். மும்பைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். "ஓ, அந்தக் குப்பை மேடா?" என்று மூக்கைச் சுருக்குவார்கள். ஆமாம், அதேதான். 1927 முதல் இந்த மாநகரம் தன் குப்பையைக் கொண்டுவந்து குவித்த இடம், 300 ஏக்கருக்கும் மேல். 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது புகை தாங்காமல் இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். டிவியில் பார்த்துவிட்டு அருப்புக்கோட்டையிலிருந்து அம்மா போன் செய்து, "பேசாம மாத்தல் வாங்கிட்டு வந்துடு" என்றார். (வங்கியில் மாற்றல் என்பது பந்தியில் கேட்டால் வைக்கும் அப்பளம் என்று அம்மா இன்னமும் நம்புகிறார்.)

ஆனால் இன்னொரு தேவ்நாரும் இருக்கிறது. பஸ் டிப்போவுக்கு எதிரே டாடா சமூக அறிவியல் நிறுவனம். கோவண்டி ஸ்டேஷன் ரோட்டில் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். வி.என். புரவ் மார்க்கில் அப்படியே மான்கூர்டு பக்கம் போனால் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். அதையும் தாண்டினால் அணுசக்தி நகர், பாபா அணு ஆராய்ச்சி நிலையம். டிராஃபிக் இல்லாவிட்டால் கொஞ்ச நேர ஆட்டோ சவாரியில் நாட்டின் பெரிய படிப்பாளிகளில் பாதிப்பேரைப் பார்த்துவிடலாம். நடுநடுவே சிவாஜி நகர், பைங்கன்வாடி, சீட்டா கேம்ப். 2009இல் வந்த மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் நகரத்து வார்டுகளிலேயே கடைசி எங்கள் எம்-கிழக்கு வார்டு.

சீட்டா கேம்ப் வந்த கதை நம்மவர்களிலேயே பலருக்குத் தெரியாது. முன்பு மான்கூர்டில் ஜனதா காலனி என்று ஒன்று இருந்தது. தமிழர்கள் ஏராளம். அந்த நிலம் அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு வேண்டும் என்றார்கள். மக்கள் வருடக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள். முன்னால் நின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், ஜோக்கின் அற்புதம். 2000இல் மகசேசே விருது வாங்கி 2018இல் மறைந்த அதே அற்புதம்தான். எமர்ஜென்சி காலத்தில், 1976 மே மாதம், சுமார் 70,000 பேரைக் காலி செய்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட இடம்தான் சீட்டா கேம்ப். அங்கே இருக்கும் பாட்டிமார்களிடம் "விஞ்ஞானம் நாட்டுக்கு நல்லது" என்று பேச்சை ஆரம்பிக்கும் எவரும் இதைத் தெரிந்துகொண்டு ஆரம்பிப்பது நல்லது.

பி.காம். படித்துவிட்டு லோன் ஃபைலோடு மல்லுக்கட்டும் உனக்கும் விஞ்ஞானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இரண்டு பிள்ளைகள் வழியாக வந்தது. ஒன்று என் மகன். இன்னொன்று எங்கள் வீட்டுக்குச் சமைக்க வரும் அக்காவின் மூத்த மகள். அவர்கள் வீட்டில் அவளைப் பெரியவள் என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். பிறந்தது வளர்ந்தது சீட்டா கேம்ப். மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு அப்புறம் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறியவள். (மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று என்பதே ஊரில் பலருக்கு ஆச்சரியம்.) அவள் அப்பா பழைய எலெக்ட்ரானிக் சாமான் வாங்கிப் பிரித்து விற்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பக்கத்தில் ஓர் அமைப்பு சனிக்கிழமைதோறும் அறிவியல் பட்டறை ஆரம்பித்தது. பெயர் வேண்டாம். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. கட்டணம் கிடையாது, யாரும் வரலாம், பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் கட்டாயம் வரவேண்டும் என்று நோட்டீஸிலேயே போட்டிருந்தார்கள். நல்ல மனிதர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மகனையும் பெரியவளையும் ஒன்றாக அனுப்பினேன். இருவருக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு.

முதல் நாள் ஒரு ஃபார்ம். அம்மா அப்பாவின் இமெயில், அப்பாவின் தொழில், எந்த போர்டு. பிறகு வட்டமாக உட்கார்ந்து அறிமுகம்: பெயர், பள்ளி, கடைசியாக லீவுக்கு எங்கே போனாய். மகன் கொடைக்கானல் என்றான். பெரியவள் "கிராமம்" என்றாளாம், அதற்கு மேல் யாரும் கேட்கவில்லையாம். இரண்டாம் வாரம் குழு பிரித்துக்கொள்ளச் சொன்னார்கள். தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு சேர்ந்தார்கள். ஒரு வாலன்டியர் தம்பி, ரொம்ப அன்பான பையன், பெரியவளையும் இன்னும் இரண்டு பேரையும் எழுந்து நிற்கச் சொல்லி, "இவங்க கம்யூனிட்டிலேர்ந்து வந்திருக்காங்க, ஒரு பெரிய கைதட்டல் குடுங்க" என்று இங்கிலீஷில் சொன்னானாம். எல்லோரும் தட்டினார்கள். மூன்றாம் வாரம் மின்கடத்தி, கடத்தாப்பொருள். கம்பியைக் கீறிப் பார்த்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது மேலே தாமிரம் பூசிய அலுமினியம் என்று சொல்லத் தெரிந்தவள் அந்த அறையிலேயே இவள் ஒருத்திதான். அதுதானே அவர்கள் வீட்டு வருமானம்! ஆனால் கேள்வி இங்கிலீஷில் வந்து, பதிலும் இங்கிலீஷில் போய், அடுத்த கேள்வியும் வந்துவிட்டது. அவள் கையில் குழுவின் போனைக் கொடுத்துப் போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நான்காம் வாரம் அவள் போகவில்லை.

கேட்டேன். "போரடிச்சுதா?"

"இல்ல ஆன்ட்டி."

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல, ஆன்ட்டி." கொஞ்ச நேரம் கழித்து, "நான் போகலேன்னாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

அது அப்படியே நடந்தது. ஒரு போன் கூட வரவில்லை. வருடக் கடைசியில் மகனுக்கு வந்த அறிக்கையில் மட்டும் அவள் படம் இருந்தது. கையில் சால்டரிங் அயர்ன், முகத்தில் சிரிப்பு, கீழே பயனடைந்த பிள்ளைகளின் எண்ணிக்கை.

எனக்கு இது ரொம்பப் பழகிய விஷயமாகப் பட்டது. 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் வந்தபோது ராத்திரி பகலாகக் கணக்குத் திறந்தோம். மேஜை போட்டு, முகாம் போட்டு, ஞாயிற்றுக்கிழமையும் திறந்தோம். எத்தனை கணக்கு என்று மேலிடம் தினமும் கேட்கும். இரண்டு வருடத்துக்கு மேல் வாடிக்கையாளர் போடவும் இல்லை எடுக்கவும் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி அது செயலற்ற கணக்கு. அப்படி எத்தனை தூங்கின என்பதைப் பார்த்தவள் நான். கணக்கு இருக்கும், பாஸ்புக் இருக்கும். ஆனால் அந்த அம்மா பிராஞ்சுக்கு வந்தால் வாசலிலேயே நிற்பார். செக்யூரிட்டி கேட்கும் தோரணை, இங்கிலீஷ் சலான், நூலில் கட்டிய பேனா, எந்த கவுன்டர் என்று தெரியாத தவிப்பு. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ஆனாலும் போய்விடுவார். அதே அம்மா, அவர் தெருவிலேயே இருக்கும் ஒரு பெண் பேங்க் மித்ராவாகக் கைமெஷினோடு உட்கார்ந்ததும், இருநூறு முந்நூறாகப் போட ஆரம்பித்தார். சேர்த்துக்கொண்டோம் என்று நாம் கணக்கு எழுதுவது வேறு, அவர்கள் சேர்ந்துகொள்வது வேறு.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இதை நாற்பது வருடத்துக்கு முன்பே பார்த்திருக்கிறார்கள். ஹோமி பாபா மையம் 1974இல் ஆரம்பித்தபோது அதற்கு இந்தப் பெரிய கட்டடமெல்லாம் இல்லை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் நானா சௌக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில்தான் ஆரம்பித்தார்கள். முதல் இயக்குநர் வி.ஜி. குல்கர்னி. 1980களில் அவரும் அவருடைய சகாக்களும் மாநகராட்சிப் பள்ளிகளில் படித்த பட்டியல் சாதிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களோடு ஒருநாள் முகாமாக இல்லாமல் தொடர்ந்து உழைத்தார்கள். பிள்ளைகளிடம் அறிவுக்குக் குறைவே இல்லை, வழியை மறிக்கும் பெரிய கல் பாடப்புத்தகத்தின் மொழி என்று கண்டார்கள். மராத்தி மீடியத்தில் படிக்கும் மராத்திப் பிள்ளைக்கே புத்தகத்து மராத்தி அந்நிய மொழி! விஷயத்தைக் குறைக்காமல் மொழியை மட்டும் எளிதாக்கியபோது பிள்ளைகள் மேலே வந்தார்கள். சொந்த மொழியிலேயே அப்படி என்றால், வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளியில் இங்கிலீஷ், பரீட்சைக்கு மராத்தி என்று நாலு பஸ் மாறிப் போகும் நம் பிள்ளை கையைத் தூக்குவதற்குள் பாடம் முடிந்துவிடுவதில் ஆச்சரியம் என்ன?

இதே மையம்தான் நம் நாட்டு ஒலிம்பியாட் குழுக்களுக்குப் பயிற்சி தருகிறது. 2025 ஆகஸ்டில் சர்வதேச வானியல் ஒலிம்பியாட் மும்பையில் நடந்தபோது 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். இந்த மாதிரி சர்வதேச ஒலிம்பியாட்களில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. பரீட்சைக்கு முன்பு ஒவ்வொரு நாட்டு ஆசிரியரும் உட்கார்ந்து, தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை என்று, கேள்வித்தாளைத் தன் பிள்ளைகளின் மொழியில் பெயர்த்து வைக்கிறார். உலகத்தின் மிகப் புத்திசாலிப் பிள்ளைகளுக்கே கேள்வி தன் மொழியில் வரவேண்டும் என்று உலகம் ஒத்துக்கொண்டிருக்கிறது. சீட்டா கேம்ப் பிள்ளைக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை கிடையாது?

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு 2001 முதல் டிக்கெட் கிடையாது. ஆனாலும் வருமானம் குறைந்த, வேறு நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களை அங்கத்திய அறிவியல் காட்சியகங்களுக்குக் கூட்டிப்போய்ப் பேசிப் பார்த்த எமிலி டாசன் என்ற ஆய்வாளர் 2014இல் எழுதிய கட்டுரை, 'இது நமக்காகச் செய்ததல்ல' என்ற பொருளில்தான் தலைப்பு வைத்திருக்கிறது. மொழி புரியவில்லை, எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று தெரியவில்லை, தங்களைப் போல யாரும் அங்கே இல்லை. அந்த ஊரில் நம் பிள்ளைகள் வாசலில் நிற்பவர்கள். இங்கே தேவ்நாரில் என் மகன் உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பாஸ்டன் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1989 டிசம்பர் விடுமுறையில் அங்கிருந்த கம்ப்யூட்டர் மியூசியத்தில் லெகோ துண்டுகளைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஓட்டும் ஒரு பட்டறை. இங்கிலீஷும் ஸ்பானிஷும் கலந்து பேசும் சில பிள்ளைகள் வந்து, மறுநாளும் வந்து, பட்டறை முடிந்த பிறகும் வந்து கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மியூசியத்துக்குள் பிள்ளைகள் சிலர் திருட்டுத்தனமாக நுழைகிறார்கள், ஜாக்கிரதை என்று ஊழியர்களுக்கு எச்சரிக்கை போனது. பார்த்தால் அதே பிள்ளைகள்! அந்தப் பட்டறையோடு தொடர்பிருந்த நேட்டலி ரஸ்க்கும் எம்.ஐ.டி.யின் மிச்சல் ரெஸ்னிக்கும், திருடனைப் பிடிப்பதற்குப் பதில், அந்தப் பிள்ளைகளுக்காக 1993இல் கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ் என்று ஓர் இடத்தையே திறந்தார்கள். பள்ளி விட்டதும் வரலாம், தனக்குப் பிடித்ததைச் செய்யலாம், அடுத்த வருடமும் அது அங்கேயே இருக்கும்.

அவ்வளவு தூரம் போவானேன், தாராவியிலேயே உண்டு. 2014 வாக்கில் நவ்நீத் ரஞ்சன் என்ற ஆவணப்பட இயக்குநரோடு தாராவிச் சிறுமிகள் உட்கார்ந்து, எம்.ஐ.டி.யின் ஆப் இன்வென்டரை வைத்து மொபைல் செயலிகள் செய்தார்கள். ஒன்று, பெண்கள் ஆபத்தில் இருந்தால் அலாரம் அடிப்பது. இன்னொன்று, குழாயடியில் மணிக்கணக்கில் நிற்காமல் தண்ணீர் பிடிக்க முறை வைப்பது. குழாயடி வரிசை யாருக்குப் பாடமோ அவர்களே அதற்கு வாத்தியார்.

இப்போது நான் எங்கிருந்து இதையெல்லாம் பார்க்கிறேன் என்றும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் துளிர் இல்லம் நடந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் பத்திரிகை 1987இல் ஆரம்பித்தது. அதையொட்டி ஊர் ஊராகப் பிள்ளைகள் கூடினார்கள். 1995 அக்டோபர் 24, தீபாவளியை ஒட்டி வந்த சூரிய கிரகணம். அப்பத்தா கதவைச் சாத்தி, சமைத்ததில் தர்ப்பை போட்டு வைத்திருந்தார். துளிர் இல்லத்து வாத்தியார் வீடு வீடாக வந்து, கறுப்புக் கண்ணாடித் தாளைக் கொடுத்து எங்களை வெளியே இழுத்துவிட்டார். அதைவிட ஒன்று: வேப்பமரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழும் வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் அன்று பிறை பிறையாக இருந்தன. தரை முழுக்க நூற்றுக்கணக்கில் கடித்த சூரியன். அப்பத்தா கடைசியில் திண்ணை வரை வந்து எட்டிப் பார்த்தார். நான் விஞ்ஞானியாகவில்லை. ஆனால் விஞ்ஞானம் யார் வீட்டு விஷயமோ என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அது எங்கள் தெருவில், எங்கள் பாஷையில், எனக்குத் தெரிந்த வாத்தியார் கையால் நடந்தது.

போன வருடம் ஜூலையில் நாங்களும் ஒன்று ஆரம்பித்தோம். நாங்கள் என்றால் நானும், அணுசக்தி நகரில் டெக்னீஷியனாக இருந்து ரிட்டையரான நாகர்கோவில்காரர் ஒருவரும். பிள்ளைகளுக்கு அவர் தாத்தா, எனக்கு அண்ணாச்சி. சீட்டா கேம்பில் ஒரு பால்வாடி அறை, ஞாயிறு காலை. ஃபார்ம் கிடையாது, சர்டிபிகேட் கிடையாது, கைதட்டல் கட்டாயம் கிடையாது :-) செத்துப்போன சார்ஜர், கிழிந்த ஸ்பீக்கர், பழைய ஹார்டு டிஸ்க் என்று வீட்டில் கிடப்பதை எடுத்து வரவேண்டும். எந்தப் பாஷையிலும் கேட்கலாம். பெரியவள் அப்பாவின் மல்ட்டிமீட்டரை எடுத்து வந்தாள். முதல் நாளே என் மகனைப் பார்த்து, "ஏய், அது காப்பர் இல்ல, கீறிப் பாரு" என்றாள். அவன் முழித்த முழி இருக்கிறதே!

எல்லாம் ஜோராகப் போகிறது என்று கதை விட மாட்டேன். மூன்றாம் வாரமே பெண் பிள்ளைகள் பாதி பேர் காணோம். விசாரித்தால் அது தண்ணீர் வரும் நேரம். ஒன்பதரைக்கு மாற்றினோம், வந்தார்கள், ஆனால் பையன்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு அம்மா நேரே வந்து, "இதுக்கு வந்தா மார்க்கு வருமாம்மா?" என்றார். வராது என்றேன். அடுத்த வாரம் அந்தப் பையன் டியூஷனுக்குப் போனான். வராத பிள்ளையின் வீட்டுக்கு அண்ணாச்சி அன்று சாயங்காலமே நடந்து போவார். திட்ட மாட்டார். "இன்னைக்கு நீ இல்லாம அந்த ரேடியோ அப்படியே கெடக்கு" என்பார், டீ குடிப்பார், வந்துவிடுவார். பட்டறை நடத்திய நல்லவர்களுக்கு இந்த ஒன்றைத்தான் நான் சிபாரிசு செய்வேன். கிட் வாங்கும் காசில் பாதியை இதற்குச் செலவழிக்கலாம்.

பெரியவளுக்கு வரும் மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அதற்கப்புறம்தான் சண்டை. அவள் அப்பா காமர்ஸ் எடுக்கச் சொல்கிறார். காரணம்? நான்தான். "மேடத்த பாரு, பி.காம். படிச்சு பேங்க்ல ஆபீசர்." சயன்ஸ் என்றால் டியூஷன் செலவு, நீண்ட படிப்பு, முடிவில் என்ன வேலை என்று தெரியாது. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. அண்ணாச்சி எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா பற்றிச் சொல்லியிருக்கிறார். அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கல்லூரியின் ஃபீஸ் விவரம் மட்டும் என் மகனை வைத்து நெட்டில் எடுத்து வைத்திருக்கிறாள்.

இந்தத் தீபாவளிக்கு அண்ணாச்சி நாகர்கோவில் போய்விட்டதால் இரண்டு ஞாயிறு கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தோம். இரண்டாவது ஞாயிறு சீட்டா கேம்ப் வழியாகப் போக வேண்டிய ஒரு வேலை இருந்தது. பால்வாடி அறைக்கதவு திறந்திருந்தது. டீச்சரம்மாவிடம் யார் போய்ச் சாவி வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஏழெட்டு பேர் தரையில். அதில் இரண்டு பேரை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. நடுவில் ஒரு பழைய மிக்ஸி மோட்டார் குடல் வெளியே தெரியக் கிடந்தது.

"வெளிச்சத்த மறைக்காதீங்க ஆன்ட்டி" என்றாள் பெரியவள்.